அந்தரத்துல ஒரு ட்விஸ்ட்!

‘‘அண்ணே, மக்காவுக்கு வலிப்பு வந்துருச்சுண்ணே!’’

காலங்காத்தால ஆறே கால் மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் எப்படி இருக்கும்? அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். பேசியது பூலாம்பாடியில் இருக்கும் என் சித்தப்பா பொண்ணு. பெரம்பலூரில் காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். பயப்படாதீங்க... மக்கா என்பது ஆள் இல்லை, முயல்! ஜோடியாக வாங்கி வந்த ரெண்டு குட்டிகளுக்கு ‘மக்கா’, ‘சோளம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். சுத்துப்பட்டு முழுக்க மக்காச்சோளம் விளைகிற ஊரில் வேறென்ன பெயர் தோணும்?

‘‘கூண்டைத் திறந்து மொட்டை மாடியில விட்டேண்ணே. நல்லா ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. திடீர்னு எகிறுச்சு பாருங்க... தலை ஒரு பக்கம் போகுது, பின்னங்கால் இன்னொரு பக்கம் போகுது, உடம்பே முறுக்கிக்கிச்சு. கீழ வந்ததும் மறுபடி ஓடுது, மறுபடி எகிறுது. அப்பாயி வேற சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு மாடி ஏறுது...’’

வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுக்கணும் என்பது எங்கள் அப்பாயியின் மருத்துவம். மனுஷனுக்கே அது வேலைக்கு ஆகாது என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொல்லிவிட்டார்கள். முயலுக்கு எந்தக் கையில கொடுக்கறது? ‘‘முதல்ல அதை வீடியோ எடு. அப்பாயியைக் கீழ இறக்கு’’ என்றேன். ரெண்டு வேலையும் ஒழுங்காக நடந்தது.

மறுநாள் கால்நடை மருந்தகத்தில் அந்த வீடியோவைப் பார்த்த டாக்டர், ரெண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். ‘‘இதுக்கு ஊசி இல்லம்மா. இது சந்தோஷம். கன்னுக்குட்டி துள்ளுமே, அது மாதிரி!’’

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லாரையும் முந்திக்கொண்டு புரிந்துகொண்டது அப்பாயிதான். ‘‘அட ஆமாஞ் சாமி... ஆட்டுக்குட்டி பால் குடிச்சுட்டு நாலு காலையும் தூக்கித் துள்ளுமே, அதானே! முயலும் பண்ணும்னு யாரு கண்டா?’’

ஆயுசு முழுக்க ஆடு வளர்த்த அப்பாயிக்கு ஆட்டுக்குட்டியின் துள்ளல் தெரியும். முயலின் துள்ளல் தெரியாது. அது ஏன் தெரியாது என்பதில் ஒரு சோகக் கதை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

பேரு பிங்கி!

முயல் வளர்க்கிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் துள்ளலுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘பிங்கி’. முயல் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நின்ற இடத்திலிருந்தோ சட்டென்று மேலே எகிறும். அந்தரத்தில் தலையும் தோளும் ஒரு திசையில் திரும்ப, இடுப்பும் பின்னங்கால்களும் எதிர்த் திசையில் உதைக்கும். ஒரு நொடிகூட ஆகாது. நாலு காலில் வந்து இறங்கி, ஒண்ணுமே நடக்காதது மாதிரி ஓடும். மனசு நிறைந்திருக்கிற முயல் இதை அடுத்தடுத்து நாலைந்து தடவை போடும். சோம்பேறி முயல் எகிறாமல், தலையையும் காதையும் மட்டும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகும். அது ‘அரை பிங்கி’! (இந்த அரை பிங்கியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வில்லங்கமே இதில்தான்.)

வலிப்பிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. வலிப்பு வந்த பிராணி தன் வசத்தில் இருக்காது. பக்கவாட்டில் சாயும், கால்கள் காற்றில் சைக்கிள் மிதிக்கும், முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மந்தமாகக் கிடக்கும். பிங்கி போட்ட முயல் அடுத்த நொடியே ‘அடுத்து என்ன?’ என்று நிற்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது, நிற்க முடியாமல் உருளுகிறது என்றால் அது விளையாட்டே இல்லை. உள்காதில் சீழோ, மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணியோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

சரி, எதற்காக இந்த முறுக்கு? கூண்டில் இருக்கும் வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பக்கம். நம் பச்சைமலைக் காட்டில் திரிவது வேறு இனம், காட்டு முயல். அது வளை தோண்டாது, புல் மறைவில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு பிறக்கும். வீட்டு முயலோ மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த சாதி. அதன் குட்டிகள் கண் திறக்காமல், முடி இல்லாமல், சுண்டெலி மாதிரி பிறக்கும். (இந்த இடத்தில் ஒரு வார்த்தை. காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வள்ளுவர் முயல் மேல் விட்ட அம்பைப் பற்றிச் சொல்லியிருக்காரே என்று வாதாடினால் வனத்துறை ஒத்துக்கொள்ளாது!)

ரெண்டு இனத்துக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. நரி முதல் கழுகு வரை எல்லாருக்கும் இவங்கதான் சாப்பாடு. கொம்பு இல்லை, விஷம் இல்லை. இருப்பது ஓட்டம் மட்டும்தான். நேர்கோட்டில் ஓடினால் நரி பிடித்துவிடும். அதனால் ஓடுகிற வேகத்திலேயே சடாரென்று திசையை மாற்றணும். பிங்கியில் இருக்கும் அந்த முறுக்கு, உயிருக்கு ஓடும்போது தேவைப்படுகிற அதே வித்தைக்கான ரிகர்சலாக இருக்கலாம் என்று விலங்கு நடத்தையைக் கவனிப்பவர்கள் கருதுகிறார்கள். குட்டிகள்தான் இதை நிறையப் போடும் என்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பாயின்ட் வருகிறது. ரிகர்சல் பார்க்க ஆபத்து இல்லாத இடம் வேணும். பசியில் இருக்கும் முயல் துள்ளாது. பயந்த முயல் துள்ளாது. உடம்பு சரியில்லாத முயலும் துள்ளாது. எந்தப் பிராணிக்கும் கஷ்டம் வந்தால் முதலில் நின்றுபோவது விளையாட்டுதான். அதனால்தான் விலங்கு நலம் படிப்பவர்கள் விளையாட்டை ஒரு அளவுகோலாக வைத்துப் பார்க்கிறார்கள்.

துள்ளலின் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு விநோத சாதியும் இருக்கு. பாரிஸ் பக்கத்தில் உள்ள அல்ஃபோர் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ஒருவர் 1935-ல் விவரித்த முயல் அது. வேகமாகப் போகணும் என்றால் பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, சர்க்கஸ்காரர் மாதிரி முன்னங்கால்களிலேயே நடக்கும். குதிக்கவே வராது. அதன் பெயரில் ‘துள்ளி’ என்ற அர்த்தம் வரும் பிரெஞ்சு வார்த்தை இருப்பது தனி காமெடி! 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆர்.ஓ.ஆர்.பி. என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு. அதனால் தண்டுவடத்தில் கால்களின் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்பு செல்கள் குறைந்துபோயிருந்தன. ஆக, தாவுவது முயலின் முதுகுத் தண்டில் எழுதி வைத்திருக்கிற விஷயம்.

எழுதி வைத்ததைப் படித்துக் காட்ட இடம் வேணாமா? அதற்குத்தான் அந்தச் சோகக் கதை.

சமத்து

மக்காவும் சோளமும் அந்த வீட்டின் முதல் முயல்கள் இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு வெள்ளை முயல் இருந்தது. பெயரே ‘சமத்து’. யாரோ ஊருக்குப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். ரெண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், அடியிலும் கம்பி வலை. மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகையில் கூண்டை வைத்திருந்தார்கள். குறையொன்றும் வைக்கவில்லை. தினமும் கேரட், முட்டைக்கோஸ், மக்காச்சோளம் எல்லாம் போட்டார்கள். தூக்கிக் கொஞ்சினார்கள். மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவினால் அப்படியே கிடக்கும். ‘‘எங்க வீட்டு முயல் அவ்ளோ சமத்துண்ணே, ஒரு சேட்டை கிடையாது’’ என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நானும் ‘சூப்பர்’ என்று தலையாட்டியவன்தான்.

மே மாசத்தில் ஒரு மத்தியானம் சமத்து செத்துப்போனது. மாடிக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம்தான் பார்த்தார்கள்.

இப்போது தெரிந்துகொண்டதை வைத்து அந்த வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. முயலுக்கு வியர்த்துக் கொட்டாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் அந்த நீளக் காதுகளில் ஓடும் ரத்தம் வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கும். பெரம்பலூர் வெயில் 40-ஐத் தொடும். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே என்ன கணக்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா மாதிரி முயல்களை எங்கே வளர்க்கிறது தெரியுமா? கொடைக்கானல் மலையில், மன்னவனூரில்!

மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடந்ததே, அதுவும் சமத்து இல்லை. முயலை அப்படிக் கிடத்தினால் அது விறைத்துப்போய்க் கிடக்கும். எதிரி வாயில் மாட்டிய பிராணி செத்த மாதிரி நடிப்பதன் மறுபதிப்பு அது. 2006-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நிலையில் முயல் நிம்மதியாக இல்லை, பயத்தில் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். ‘என் முயல் மடியில தூங்குது’ என்று போடுகிற ரீல்ஸ்களை இனி வேறு கண்ணோடுதான் பார்க்க முடியும்.

மருந்தகத்திலிருந்து திரும்பும் வழியில் என் தங்கச்சி பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பூலாம்பாடி ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொன்னாள். ‘‘அப்போ சமத்து... ஒரு வருஷத்துல ஒரு தடவைகூடத் துள்ளலையேண்ணே.’’

ரெண்டடிக் கூண்டில் எங்கே துள்ளுவது? எகிறினால் தலை கம்பியில் இடிக்கும். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது மாதிரி மெத்தை கிடையாது, வெறும் முடிதான். நாள் முழுக்கக் கம்பி மேல் நின்றால் புண்ணாகிவிடும். டைல்ஸ் தரையும் ஆகாது, வழுக்கும். வழுக்குகிற இடத்தில் எந்த முயலும் ரிஸ்க் எடுக்காது. பிரிட்டனின் முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்குச் சொல்கிற இடம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நம் கணக்கில் பத்தடிக்கு ஆறரை அடி. ‘எங்க ரூமே அவ்ளோதான் பாஸ்’ என்று ஹாஸ்டல்வாசிகள் முணுமுணுப்பது கேட்கிறது. அப்படியென்றால் முயல் வாங்காதீங்க பாஸ்! கோபிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். பர்த்டே கிஃப்டாக முயல் கொடுக்கிற பழக்கம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருஷம் வாழும் ஜீவன் அது. கோர்ஸ் முடிந்தும் கூடவே வரும்.

‘அரை பிங்கி போடுதுண்ணே!’

பிங்கி பற்றித் தெரிந்துகொண்ட பிறகு வீடே மாறிப்போனது. கூண்டுக் கதவு பகலில் திறந்தே கிடந்தது. மாடியின் ஒரு பாதியில் பழைய கோரைப் பாயும் சாக்கும் விரித்தார்கள். கைப்பிடிச் சுவரில் இருந்த ஓட்டைகளைச் சித்தப்பா செங்கல் வைத்து அடைத்தார். விடியலும் பொழுது சாய்கிற நேரமும்தான் முயலுக்கு உற்சாக நேரம். ஆறு மணி ஆனால் ஷோ ஆரம்பம். எனக்கு தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

ஒரு கட்டத்தில் துள்ளல் குறைந்து, தலையாட்டல் வீடியோக்களாக வர ஆரம்பித்தன. ‘‘சோளம் இப்பல்லாம் அரை பிங்கிதாண்ணே போடுது. நாள் பூரா போடுது, அவ்ளோ ஹேப்பி!’’

நான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்பார்களே, அந்தக் கதைதான். சந்தோஷம் என்று ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் அப்புறம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சந்தோஷம்தான். ரெண்டு வாரம் கழித்து, சோளம் பின்னங்காலால் காதைப் பறட்டுப் பறட்டு என்று சொறிவதை அப்பாயி பார்த்தது. ஆட்டுக்காரி கண்ணாச்சே! காதை விரித்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பழுப்பு நிறப் பொருக்கு. காதுச் சொறி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சி காதுக்குள் குடியேறிப் பண்ணுகிற வேலை. முயல் வளர்ப்பவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. நமக்குத்தான் தெரியவில்லை.

நல்லவேளை, ‘ஐவர்மெக்டின்’ ஊசியில் அடங்குகிற சமாச்சாரம். ஒரு ஊசியோடு முடியாது. முட்டையிலிருந்து புதுப் பூச்சி வரும் என்பதால் ரெண்டு வாரம் கழித்து மறுபடி போட்டார்கள். கூடவே இருக்கும் மக்காவுக்கும் சேர்த்துத்தான். பொருக்கைக் கையால் பிய்க்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், அடியில் பச்சைப் புண் இருக்கும். இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறதே என்று முயலுக்கு விட்டுவிடாதீர்கள். அதில் ‘ஃபிப்ரோனில்’ இருந்தால் முயல் செத்தே போகலாம்.

அரை பிங்கிக்கும் காதுச் சொறிக்கும் வித்தியாசம் தலையாட்டலில் இல்லை. அதற்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிறது. சந்தோஷத்தில் தலையை வெட்டும் முயல் ஓட்டத்துக்கு நடுவில் வெட்டும், ஒண்ணு ரெண்டு தடவை, அவ்வளவுதான். அரிப்பில் ஆட்டும் முயல் உட்கார்ந்த இடத்தில் ஆட்டும், சொறியும், மறுபடி ஆட்டும், காதைத் தொட்டால் விலகும்.

மற்ற தாவல்களும் இப்படித்தான். காதை முதுகோடு ஒட்டவைத்து, கண் பிதுங்க, மூலையைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால் அது பயம். ஒரு தடவை மாடிக்கு மேலே பருந்து வட்டமடித்தபோது மக்கா பின்னங்காலால் தரையில் ‘தொம்’மென்று அடித்தது. சோளம் அதே நொடியில் கூண்டுக்குள் இருந்தது! மற்றவர்களுக்கு அபாயச் சங்கு ஊதுவது அது. காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, மூக்கால் ‘உர் உர்’ என்றால் வயசுக் கோளாறு. (கடைக்காரர் ‘ரெண்டுமே பொட்டைதான்’ என்று சத்தியம் செய்தாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சினைக்காலம் வெறும் 31 நாள்தான்!) ஓடிக்கொண்டே வந்து பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து கண் சொருகினால் ஒண்ணும் ஆகவில்லை, அதுதான் முழு நிம்மதி. தங்கச்சி இதற்கும் எனக்குப் போன் போட்டு அழுதாள் என்பதைச் சொல்லாவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது.

போட்டித் தாவல் தனிக் கதை. ஸ்வீடனில் 1970-களில் முயல்களுக்குத் தடை தாண்டும் போட்டி ஆரம்பித்து, ‘கனின்ஹாப்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. டென்மார்க்கில் 1999-ல் ‘யாபோ’ என்ற முயல் 3 மீட்டர் நீளம் தாண்டி சாதனை படைத்தது. அது பழக்கி வருவது, பிங்கி தானாக வருவது. சோளத்துக்குத் தங்கச்சி ரெண்டு செங்கல் அடுக்கி டிரெயினிங் கொடுத்துப் பார்த்தாள். அது செங்கலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

முயல் வலிக்குது என்று கத்தாது. வலியைக் காட்டிக்கொண்டால் நரி முதலில் அதைத்தான் தூக்கும் என்பதால், கடைசி வரை மறைக்கப் பழகிய சாதி. அதனால் துள்ளல் நின்றால் உஷார். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர கேஸ், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதே கூடாது. கடகடவென்று சத்தமாகப் பல்லைக் கடித்தால் வலி. தடவிக் கொடுக்கும்போது மெதுவாக ‘நற நற’ என்றால் பயம் வேண்டாம், பூனை உறுமுகிற மாதிரி சொக்கல்தான்.

தூக்கும்போது காதைப் பிடிக்கவே கூடாது. பின்பக்கத்தையும் தாங்கிப் பிடிக்கணும். பின்னங்கால் தசைகள் படு பலம், எலும்பு லேசு. அந்தரத்தில் உதறினால் தன் உதையிலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். துள்ளுகிற அதே கால்தான்!

சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் புல்லாக இருக்கணும். அருகம்புல், கினியாப்புல், கூடவே கொஞ்சம் வேலிமசால், அகத்தி, முருங்கை. ஆயுசு பூரா வளர்கிற பல்லை அந்த நார்தான் தேய்க்கும், குடலையும் அதுதான் ஓட்டும். கேரட் எல்லாம் கார்ட்டூன் கட்டிவிட்ட கதை, இனிப்பு மாதிரி எப்போதாவது ஒரு துண்டு போதும். தானியத்தில் மாவுச்சத்து அதிகம், நிறையத் தின்றால் வயிறு கெடும். அதாவது, மக்காவுக்கும் சோளத்துக்கும் மக்காச்சோளம் கிடையாது! ‘‘பேரை மட்டும் வெச்சுப்புட்டு ஒரு கதிரு குடுக்க மாட்டேங்குறாளே’’ என்று அப்பாயிக்கு இன்னும் ஆதங்கம்.

இந்தக் கோடையில் மார்ச் பிறந்ததுமே ரெண்டு பேரும் மாடியிலிருந்து கீழே, கிணற்றடித் திண்ணைப் பக்கம் வேப்ப மரத்து நிழலுக்கு வந்துவிட்டார்கள். சுற்றிலும் கம்பி வலை. மத்தியானத்தில் வலையின் மேல் ஈரச் சாக்கு, உள்ளே துணி சுற்றிய ஐஸ் பாட்டில். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது மக்கா. பழைய ரெண்டடிக் கூண்டு மாடியிலேயே கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா என்று சித்தப்பா கேட்டதற்குத் தங்கச்சி இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது சோளத்துக்குக் காது சுத்தமாக இருந்தது. ஆறு மணி வாக்கில் வெயில் இறங்கி, பச்சைமலைப் பக்கமிருந்து லேசாகக் காத்து வந்தது. கட்டிலை இழுத்துப் போட்டு அப்பாயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. சோளம் வலையோரமாக ரெண்டு சுற்று ஓடியது. நின்றது. காதை ஒரு வெட்டு வெட்டியது. மூணு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதையே பார்த்தோம். சொறியவில்லை.

அடுத்த நொடி எகிறியது பாருங்கள்!

‘‘முழுசா போட்டுச்சுடி’’ என்றது அப்பாயி.